பெரிய வீடு கோத்தகிரி

கோவை அக்கா: பெரியப்பாவுக்கு வியாழக்கிழமை காலை 9 மணிக்கு ஸ்கேன். யார் கூட்டிட்டு வரீங்க?

அரவேணு சித்தப்பா: போன மாசம்தானே எடுத்தது

மேட்டுப்பாளையம் மாமா: மறுபடியும் செலவா

கோவை அக்கா: அது வேற, இது வேற மாமா. போன மாசம் சி.டி. ஆஞ்சியோ. இதயத்து ரத்தக் குழாய்ல எங்க சுருக்கம்னு காட்டும். 60 சதவீதம்னு வந்துச்சு. அந்தச் சுருக்கத்தால இதயத் தசைக்கு ரத்தம் குறையுதான்னு அதுல தெரியாது. 60 இருந்தும் தசைக்கு ஒழுங்கா ரத்தம் போறவங்க இருக்காங்க. இப்ப பாக்கறது அதைத்தான், பெர்ஃபியூஷன்னு பேரு. அடினோசின்னு ஒரு மருந்தை சில நிமிஷம் ஏத்துவாங்க. நல்ல குழாய் விரிஞ்சு, மேடேறுறப்ப பாயற மாதிரி ரத்தம் பாயும். சுருக்கத்துக்குக் கீழ இருக்கிற சின்னக் குழாய் ஏற்கெனவே விரிஞ்சு சமாளிச்சிட்டிருக்கும், அதுக்கு மேல விரியாது. அந்த நேரத்துல கையில ஊசி வழியா அயோடின் மருந்து போட்டு, அரை நிமிஷம் போல அடுத்தடுத்து படம் எடுப்பாங்க. அயோடின் போற தசை படத்துல வெளுக்கும், போகாத இடம் கறுத்து நிக்கும். எவ்வளவு வேகமா வெளுக்குதுன்னு வெச்சு, 100 மில்லி தசைக்கு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தம்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

அரவேணு சித்தப்பா: சரிம்மா

குன்னூர் அத்தை: ஸ்டென்ட் வெக்கணுமா வேண்டாமா கண்ணு

கோவை அக்கா: அதை முடிவு பண்ணத்தான் அத்தை இது

மேட்டுப்பாளையம் மாமா: மச்சான் புதன் ராத்திரியே நம்ம வீட்டுக்கு வந்துரட்டும்

அரவேணு சித்தப்பா: அண்ணன் அங்க தங்க மாட்டார்

மேட்டுப்பாளையம் மாமா: அந்தக் கல்யாணத்துப் பேச்சு இன்னுமா

குன்னூர் அத்தை: இங்க வேண்டாம்

கோவை அக்கா: முக்கியம். புதன் காலையிலிருந்து டீ கூடாது. காப்பி, கோலா, சாக்லேட்டும். காஃபின் இருந்தா அடினோசின் வேலை செய்யாது, கெட்ட இடமும் நல்லா இருக்கிற மாதிரி படத்துல வந்துரும்.

அரவேணு சித்தப்பா: அண்ணன் டீ குடிக்காமலா!

குன்னூர் அத்தை: க்ரீன் டீ?

கோவை அக்கா: அதுவும் டீதான் அத்தை

தோட்டத்துத் தம்பி: குஞ்சப்பனைகிட்ட யானை. பலாப்பழ சீசன். விடியறதுக்கு முன்னாடி இறங்காதீங்க

மேட்டுப்பாளையம் மாமா: குன்னூர் வழியா வரட்டும்

தோட்டத்துத் தம்பி: சுத்து

பெரியம்மா: வீசிங் மாத்திரை போட்டுக்கலாமா

கோவை அக்கா: என்ன வீசிங் பெரியம்மா? நான் கேட்டப்ப இல்லேன்னாரே

பெரியம்மா: குளிருக்குத்தான். டெரிபிலின். பத்து வருசமா

கோவை அக்கா: அடினோசின் வீசிங்கை இழுத்து விட்டுரும். டெரிபிலின்ல இருக்கிற தியோபிலினும் டீ மாதிரியே மருந்தைத் தடுக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட இப்பவே சொல்றேன், வேற மருந்து குடுத்தாலும் குடுப்பாங்க. எல்லா மாத்திரை அட்டையும் படம் எடுத்து அனுப்புங்க. சர்க்கரை மாத்திரையும், கிரியாட்டினின்னு கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டும்.

பெரியம்மா: நான் சொன்னேன்னு தெரிஞ்சா திட்டுவார்

கோவை அக்கா: திட்டட்டும் பெரியம்மா. அப்பாகிட்ட கேக்காம விட்டதே போதும்

அரவேணு சித்தப்பா: அப்ப வியாழன்?

கோவை அக்கா: டாக்டர் சொல்லட்டும் சித்தப்பா. கார் மட்டும் சொல்லி வைங்க

மேட்டுப்பாளையம் மாமா: யானை போயிருச்சா

பெரியம்மா: (படம்) கண்ணாடி போட்டுத் தேடி எடுத்தேன். அவர் தூங்கறார்