அத்தை அனுப்பும் ரோஜாப்பூ: இந்திய உறவுகளோடு கைப்பேசியில் நமக்கு நேர்ந்தவை

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

காலை ஏழரை மணிக்கு என் கைப்பேசியில் ஒரு ரோஜாப்பூ வந்து சேரும். தமிழ்நாட்டில் அப்போது விடியற்காலை ஐந்து மணி. பேராவூரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு அத்தை அனுப்பும் பூ அது. எத்தனையோ நாள் அதைத் திறக்காமலே அழித்திருக்கிறேன். அந்தப் பூ ஆறு நாள் வராமல் போனதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் இந்த அத்தை எனக்குக் கிடைத்த கதை. தாத்தா 1936இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1938இல், கங்காணி என்ற மேற்பார்வையாளர் மூலம் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடுத்துவிட்டது. அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்ன தம்பி வரவேயில்லை. சில காலம் கடிதம் போய் வந்தது. தாத்தா இறந்ததும் அதுவும் நின்றது. 2017இல், அந்த ஊர்க்காரர்கள் திருவிழாப் படங்கள் போடும் ஒரு முகநூல் பக்கத்தில் தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், குலதெய்வம், கப்பல் ஏறிய ஆண்டு எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். பதில் வரும் என்று நம்பவில்லை.

அதை யாரோ ஓர் இளைஞர் டீக்கடையில் சத்தமாகப் படித்திருக்கிறார். அங்கிருந்த ஒருவர் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பியிருக்கிறார். இரண்டாம் நாள் இரவு, தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வயதான பெண்ணின் குரல். "உன் தாத்தாவுக்கு இடது புருவத்தில் தழும்பு இருந்ததா, ஆத்தா? மாடு முட்டியது என்று எங்கள் அப்பா சொல்லுவார்." தழும்பு இருந்தது. பிள்ளையாக இருந்தபோது நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் தம்பி மகள்தான் இந்த அத்தை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவான பிறகுதான் அந்த வீட்டுக்குத் திறன்பேசி வந்தது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதற்கு நான்கு பேர். யார் எடுப்பார்கள் என்று எடுக்கும்வரை தெரியாது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மகன் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. எழுதத் தெரியாத அத்தையும் படிக்கத் தெரியாத பேரனும் குரல் பதிவில் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். நான் இடையில் நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

ஒருமுறை அவன் தேர்வில் தவறிவிட்டதை அத்தையிடம் மட்டும் சொன்னான். மறுநாள் மூன்று பெண்களின் குரல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டு அம்மா, இன்னொருவர் யாரென்றே தெரியவில்லை. எல்லாரும் அவனுக்குத் தைரியம் சொன்னார்கள். திண்ணையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துத்தான் அங்கே குரல் பதிவைக் கேட்பார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளையின் அந்தரங்கம் ஊருக்குப் போய்விட்டதே என்று எனக்குச் சுருக்கென்றது. அத்தையிடம் கேட்டும்விட்டேன். "நம் பிள்ளை அழுகிறான் என்றால் நான் ஒருத்தி மட்டும் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?" என்றார். என் மகன் அந்த மூன்று பதிவுகளையும் இன்னும் அழிக்கவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. முதல் நாள் காலை பூ வந்திருந்தது. மறுநாள் வரவில்லை. நான் அனுப்பிய செய்திகள் ஒற்றைக் குறியோடு நின்றன. ஏழரை மணி ஆனால் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். தொலைக்காட்சியில் தஞ்சாவூர், புதுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடப்பதைக் காட்டினார்கள். நான் திறக்காமல் அழித்த பூக்கள் ஒவ்வொன்றும் "இன்றைக்கும் உயிரோடு எழுந்துவிட்டேன்" என்று அவர் சொன்ன சொல் என்பது அந்த ஆறு நாளில் எனக்கு விளங்கியது.

ஏழாம் நாள் குரல் வந்தது. தெருவிலுள்ள கைப்பேசிகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடும் இடத்துக்கு ஒரு பையன் போய் மின்னேற்றி வந்தானாம். அத்தை பேசியது மிகக் கொஞ்சம். "மரம் ஒன்றுகூட நிற்கவில்லை ஆத்தா. ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம்."

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நல்லதுதான் வேண்டும் என்பதில்லை.

ஜெலுத்தோங் ஐயா, பினாங்கு

அக்கா, எங்கள் வீட்டிலும் காலை வணக்கப் படங்களால் கைப்பேசி நிரம்பிப் போகிறது என்று பிள்ளைகளிடம் சண்டை. இந்தியாவில் பலருக்கும் இதே தொல்லைதான். 2017 கடைசியில் கூகுள் விட்ட ஃபைல்ஸ் கோ என்ற செயலி, இப்படிச் சேரும் படங்களைத் துடைக்கவும் உதவும் என்று படித்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் மாமா அனுப்பிய முருகன் படத்துக்கு இன்றுதான் முதன்முதலாகப் பதில் போட்டேன்.

லெபோ பசார் கடைக்காரர், பினாங்கு

மசாலாச் சாமான் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ நேரடி விமானம் வந்தது. அதன் பிறகு கைப்பேசியை முன்னால் நீட்டிப் பேசிக்கொண்டே கடைக்குள் நுழைபவர்கள் அதிகம். ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்காது. கேட்காமல் என் முகத்தைப் படம் எடுப்பதை இப்போதும் நான் ஒப்புக்கொள்வதில்லை, அதைச் சொல்லிவிடுவேன்.

தைப்பூசத்துக்குப் பிந்திய நாள் ஒரு தம்பி வந்தார், சங்கரன்கோவில்காரர். கழுத்தில் மாட்டிய பட்டையில் கைப்பேசி தொங்கிக்கொண்டிருந்தது. இவரும் படம் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளிருந்து ஒரு அம்மா, "தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்டார். இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படியையும் அந்தத் தம்பி அம்மாவைக் காணொளி அழைப்பில் வைத்துக்கொண்டே ஏறியிருக்கிறார். அம்மாவுக்கு மூட்டுவலி, சொந்த ஊரிலேயே மலைக்கோயில் ஏறி வருடங்கள் ஆகின்றனவாம். அங்கே கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் எண்ணியிருக்கிறார். நடுவில் எண்ணிக்கை தவறி, இருவருக்கும் வாக்குவாதம் வேறு. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா, "ஐயா, பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்றார். நாசி கண்டார் சோறு வாங்கிவரச் சொல்லிக் கடையிலேயே உட்காரவைத்தேன்.

சாப்பிடும்போது என் மகள் டிக்டாக் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி கையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். சீனாவுடன் நடந்த கல்வான் எல்லை மோதலுக்குப் பின் 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. அவருடைய அக்கா தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர். நாற்று நடும் பாட்டு, தாலாட்டு எல்லாம் பாடி அதில் போட்டுவந்தாராம். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஓர் இரவில் எல்லாம் போய்விட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. அக்கா இரண்டிலும் பாடிப் பார்த்தார். "பழைய ஆட்கள் ஒருவர்கூட அங்கே வரவில்லை ஐயா, அக்கா பிறகு பாடுவதையே விட்டுவிட்டார்" என்றார் தம்பி. தடை சரியா தவறா என்று பேச நான் வரவில்லை, அது அந்த நாட்டு விஷயம். ஆனால் ஒரு பெண் பாடுவதை நிறுத்திவிட்டார் என்பது எனக்கு அன்று முழுக்க வருத்தமாக இருந்தது. அக்காவை அழைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வேலைக்குப் போயிருக்கிறார், இரவு அனுப்பச் சொல்கிறேன் என்றார். இரவு பதினொன்றுக்கு ஒரு தாலாட்டு வந்தது. பின்னணியில் மின்விசிறிச் சத்தம்.

கெப்போங் வாசகி, கோலாலம்பூர்

நல்லதுதான் வேண்டும் என்பதில்லை என்று நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன்.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைக் கும்பல் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். வழியில் நிறுத்திப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பிடிக்கும் கூட்டம் சுற்றுகிறது என்று அப்போது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. 65 வயது அம்மா ஒருவர் அங்கேயே இறந்தார். அந்தக் காரில் மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் இருந்தார்கள். நாம் இங்கிருந்து போகும்போது என்ன செய்வோம்? பை நிறைய மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். என் அம்மா அதைத்தான் செய்வார்.

அதே ஆண்டு ஆடியில் நாங்கள் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தோம். எனக்குப் போக மனமில்லை. அங்குள்ள பெரியப்பா மகனிடம் சொன்னேன். அண்ணன் எங்களைச் சமாதானப்படுத்த முயலவில்லை. "குடும்பமாக நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. கார் எண்ணை இங்கே வந்ததும் சொல்" என்றார். எங்கள் படத்தை அந்த வட்டாரத்து ஆறு ஊர்க் குழுக்களில் போட்டு, தம் குரலில் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "இவர்கள் நம் பங்காளிகள், மலேசியாவிலிருந்து வருகிறார்கள், வெள்ளிக்கிழமை காலை இந்த வழியாகத்தான் வருவார்கள்." நாங்கள் போனபோது சாலையோரம் டீக்கடையில் ஒருவர் கைகாட்டிக் காரை நிறுத்தினார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் குனிந்து பார்த்து, "மலேசியாக்காரர்கள்தானே? இடதுபுறம் திரும்புங்கள்" என்றார். அம்மா மிட்டாய்ப் பையைக் கையில் எடுத்தார். நான் வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டேன். அந்த ஒரு செயலை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. 2019 ஜனவரியில் அதே வரம்பு நமக்கும் வந்தது. நம் கைப்பேசியில் அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் போளூர்தான் நினைவுக்கு வருகிறது. யாரோ ஒருவர், பிள்ளைகள் மேலிருந்த பயத்தில், சரிபார்க்காமல் அனுப்பியதுதானே அதுவும்.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடை, கோலாலம்பூர்

எங்கள் கடையில் பரோட்டா போடும் தம்பி கீரமங்கலத்துக்காரர். ஆடி பிறந்தால் அவர் கைப்பேசி ஓயாது. அந்தப் பக்கம் மொய் விருந்து நடக்கும் காலம் அது. ஆட்டுக்கறிச் சோறு போட்டு, வந்தவர்கள் எழுதும் மொய்யில் ஒரு குடும்பம் கடனை அடைக்கும் அல்லது தொழில் தொடங்கும். வாங்கியதைப் பிறகு கூட்டித் திருப்பி எழுத வேண்டும். பத்திரிகை எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒரே நாளில் நான்கு, ஐந்து வரும். தம்பி இங்கே சம்பளத்தில் எடுத்து வைப்பார், அங்கே அவர் அண்ணன் எழுதிவிட்டு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார். தம்பி அதைப் பெரிதாக்கித் தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை பெயருக்குப் பக்கத்தில் "மலேசியா" என்று எழுதியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரையே போடச் சொல்லுங்கள் என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஊர்க்கோயில் குடமுழுக்கை யூடியூபில் நேரலையாகக் காட்டிய அன்று கைப்பேசியை மாவுத் தட்டுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருந்தார். கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் கடையில் கூட்டம். நான் கல்லைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

கெப்போங் அக்கா, நீங்கள் எழுதியதை மகனைப் படித்து அனுப்பச் சொல்ல முடியாதே. நானே குரலில் படித்து அத்தைக்கு அனுப்பினேன். திண்ணையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அத்தையின் பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா மிட்டாய் கொடுக்க முடியாமல் போனது அந்தப் பிள்ளைக்குப் பெரிய குறை. இங்கே வரச் சொல். எங்கள் தெருவில் பதினொரு பிள்ளைகள் இருக்கின்றன, நான் பக்கத்தில் நிற்கிறேன்."

ஜெலுத்தோங் ஐயா தனிச் செய்தியில் அத்தை நலமா என்று கேட்டிருந்தார். நலம், கண் கொஞ்சம் மங்கல். புயலுக்கு மறு வருடம் வைத்த தென்னங்கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. நேற்றுக் காலை ரோஜாவுக்குப் பதில் ஒரு பாளையின் படம் வந்தது, பாதி படத்தை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது.