டாக்டர் ஹூ: புது டாக்டரை முதன்முதலாகப் பார்த்த நேரம், உங்கள் அனுபவம்?

ஈசூன்_இரவுப்பறவை:
தொடர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இது பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர்; நாயகனான வேற்றுக்கிரகவாசி 'டாக்டர்' சாகும் நிலைக்கு வந்தால் வேறு உடம்புக்கு மாறிவிடுவார், நடிகரும் மாறுவார். எனக்கு, மேட் ஸ்மித் போய் பீட்டர் கபால்டி வந்த 2013 கிறிஸ்துமஸ் பகுதி. பக்கத்தில் பாட்டி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஸ்மித் கழுத்து டையைக் கழற்றிக் கீழே நழுவவிட்டார். தலை வெடுக்கென்று ஒரு முறை ஆடியது, அவ்வளவுதான், நரைத்த முடியோடு வேறொரு ஆள் முறைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாட்டி கேட்டார்: "ஏண்டா, நம்ம சீரியல்ல 'இவருக்குப் பதில் இவர்'னு கீழே ஒரு வரி போடுவாங்க, முடிஞ்சுது. இதுக்குப் போய் ஏன் அழுவுற?" பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் புது டாக்டர் தன் புதுச் சிறுநீரகத்தின் நிறம் பிடிக்கவில்லை என்று புலம்ப ஆரம்பித்தார். "டாக்டர்தானே, அவரே பாத்துக்கட்டும்" என்று பாட்டி எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு யார் மாறியபோது?

தெக்கோங்_2010:
டேவிட் டெனன்ட் போய் ஸ்மித் வந்தபோது. வேறு பேச்சே இல்லை. அப்போது தேசிய சேவையில் (கட்டாய ராணுவச் சேவை), தெக்கோங் தீவு முகாமில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை புக் அவுட் ஆகி (விடுப்பில் வெளியே வந்து), ஃபெரி, பஸ், பாசிர் ரிஸ், வீடு. அண்ணன் பதிவு செய்து வைத்திருந்தார். பச்சைப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்துவிட்டேன். தன் காலப் பயணக் கலமான டார்டிஸுக்குள் தனியாக நின்று, போக மனசில்லை என்று சொல்கிறார் பாருங்கள். மறுநாள் சாயங்காலம் திரும்பத் தீவுக்குப் போக வேண்டியவனிடம் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அடுத்த நொடி, அதே கிழிந்த சட்டையில் ஒரு பொடியன் கால் இருக்கிறதா கை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறான், முடி சிவப்பாக இல்லையே என்று குறைப்படுகிறான். ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு 26 வயதுதானாம். கோபம் வராதா? டெனன்ட் மாதிரி இத்தனை காலம் யாரும் தாக்குப்பிடித்ததில்லை.

சிராங்கூன்_அக்கா:
2017 ஜூலை, விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டம் முடிந்த கையோடு புது டாக்டர் யார் என்று ஒரு சின்ன வீடியோ விட்டார்கள். இங்கே நள்ளிரவு நெருங்கிவிட்டது. காட்டுக்குள் முக்காடு போட்ட உருவம் ஒன்று நடந்து வருகிறது. முகம் தெரியவில்லை. கையை நீட்ட, அதில் டார்டிஸ் சாவி வருகிறது. அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பெண் என்று. முக்காட்டை விலக்குவதற்குள் கத்திவிட்டேன். ஜோடி விட்டேக்கர்! மறுநாள் லிஃப்டில் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, "நேத்து ராத்திரி யாரு கோல் போட்டா?" என்று கேட்டார்.

ஜூரோங்_மேற்கு:
எனக்கு இன்னும் எரிச்சல் ஆறவில்லை. 2025 மே கடைசி, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தேன். ஷூட்டி காட்வா போகிறார், வெளிச்சம் அடங்கினால் பில்லி பைப்பர். 2005-இல் டாக்டரின் தோழி ரோஸாக வந்தவரேதான்! கடைசியில் ஓடும் எழுத்தில் 'அறிமுகம்: பில்லி பைப்பர்' என்று மட்டும் இருந்தது. 'டாக்டராக' என்பதைக் காணோம். ஈசூன் பாட்டி சொன்ன அந்த ஒரு வரியையாவது போட்டிருக்கலாம்.

கருப்புவெள்ளை_ரசிகன்:
தெக்கோங் தம்பி, தகவல் தப்பு. டாம் பேக்கர் 1974 முதல் 1981 வரை ஏழு வருடம் நடித்தார். எல்லாரும் 2005-இல்தான் தொடர் பிறந்தது போலப் பேசுகிறீர்கள். 1963-இல் தொடங்கியது ஐயா இது, நடுவில் நின்று 2005-இல் மறுபடி வந்தது. முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியாமல் போனது. 1966-இல் அவர் தரையில் சாய, எழும்போது பேட்ரிக் ட்ரௌட்டன். அந்தப் பகுதியே தொலைந்துவிட்டது. குழந்தைகள் நிகழ்ச்சியான புளூ பீட்டரில் அந்தத் துண்டைக் காட்டியதால் அது மட்டும் தப்பித்தது. நான் அதை யூடியூபில்தான் பார்த்தேன், புல்லரித்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஈசூன், பாட்டிக்கு இதைச் சொல்லுங்கள். சீரியலில் ஆள் மாறினால் கதைக்குள் யாருக்கும் தெரியாது, மருமகள் அதே மருமகள்தான். இங்கே கதைக்குள் இருப்பவர்களுக்கும் தெரிகிறது. கபால்டியின் முதல் முழுப் பகுதியில் பழைய டாக்டர் தோழி கிளாராவுக்கு ஃபோன் போட்டு, புது ஆள் உன்னைவிடப் பயந்துபோயிருக்கிறார், பார்த்துக்கொள் என்கிறார். பக்கத்தில் நிற்கும் கபால்டி, என்னைப் பார்க்க மாட்டாயா என்று கெஞ்சாத குறை. அதைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: 2005-இல் டாக்டராக வந்த எக்கிள்ஸ்டனில் தொடங்குங்கள், ஒரே சீசன்தான், தாண்டிப் போகாதீர்கள். புது ஆள் வந்ததும் முதல் பகுதியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், நாலாவது பகுதி வரை பொறுங்கள். கபால்டிக்கு சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்காட்லாந்து உச்சரிப்பு. யார் பெரியவர் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் பேசவே பேசாதீர்கள்.

தெக்கோங்_2010:
அண்ணே, நான் சொன்னது 2005-க்கு அப்புறம் வந்தவர்களை.

சிராங்கூன்_அக்கா:
அதுவும் இல்லை தம்பி. டெனன்ட் 2005 ஜூனிலிருந்து 2010 ஜனவரி 1 வரை. ஜோடி 2017 கிறிஸ்துமஸிலிருந்து 2022 அக்டோபர் வரை. நீங்களே கழித்துப் பாருங்கள்.

தெக்கோங்_2010:
அக்கா, 2022-இல் டெனன்ட் திரும்ப வந்தாரே, அதை யார் கணக்கில் சேர்ப்பது?

கருப்புவெள்ளை_ரசிகன்:
அப்போது அவர் பதினான்காவது டாக்டர், பழைய பத்தாவது இல்லை. சேராது.