ரத்தம் கசியும் ஈறுப் பையில் பி. ஜிஞ்சிவாலிஸ் குறைவாகக் காட்டுவது ஏன்?

கேள்வி:
ஈறுப் பையிலிருந்து (பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளம்) பேப்பர் பாயிண்ட்டில், அதாவது உறிஞ்சும் கூர்காகிதக் குச்சியில், மாதிரி எடுத்து, ஈறு நோய்க் கிருமியான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸை க்யூபிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் முறை) அளக்கிறோம். நானோடிராப்பில் (டிஎன்ஏ அடர்வை ஒளியால் அளக்கும் கருவி) பார்த்து, தட்டின் ஒவ்வொரு வெல்லுக்கும் (குழிக்கும்) 10 நானோகிராம் டிஎன்ஏ. தொட்டாலே ரத்தம் வரும் 7 மி.மீ. பையில் சிடி (குறி தெரியத் தொடங்கும் சுழற்சி எண்; குறைந்தால் கிருமி அதிகம்) 31 வருகிறது; அதே வாயில் 5 மி.மீ. பையில் 25. தலைகீழாக இருக்கிறதே? எல்லா பாக்டீரியாவையும் பிடிக்கும் பொது ப்ரைமரில் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வெறும் தண்ணீர் விட்ட வெல்கூட 33-இல் ஏறுகிறது.

பதில் 1:
சிக்கலே அந்த 10 நானோகிராமில்தான். நானோடிராப்புக்கு மனித டிஎன்ஏ, கிருமி டிஎன்ஏ என்ற வேறுபாடு தெரியாது. ஒரு மனிதச் செல்லின் டிஎன்ஏ சுமார் 6.6 பிக்கோகிராம், பி. ஜிஞ்சிவாலிஸ் ஜீனோம் 2.5 ஃபெம்டோகிராம். அதாவது ஒரே ஒரு வெள்ளணு 2,600 கிருமிகளின் எடையை அடைத்துக்கொள்கிறது. அழற்சி மிகுந்த பையில் வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். எடையைச் சமமாக்கினால் கிருமியின் பங்கு சுருங்கத்தான் செய்யும். எடையை விட்டுவிட்டு கன அளவைச் சமமாக்குங்கள்: எல்லா மாதிரியின் டிஎன்ஏவையும் கடைசியில் 50 மைக்ரோலிட்டர் திரவத்தில் இறக்கி, வெல்லுக்கு 2 மைக்ரோலிட்டர்.

ரத்தத்திலுள்ள ஹீம் (இரும்புள்ள சிவப்பு நிறப்பொருள்), டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதியையும் தடுக்கும். 10 மடங்கு நீர்த்து ஓட்டிப் பாருங்கள். சிடி 3.3 கூட வேண்டும். 1 மட்டும் கூடினாலோ, குறைந்தாலோ தடுப்பான் இருக்கிறது. நீர்த்ததையே பயன்படுத்துங்கள், அல்லது மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ (தடுப்பானைப் பிடித்துக்கொள்ளும் மாட்டு ரத்தப் புரதம்) சேருங்கள்.

பதில் 2:
ரத்தம் பாதி நேரம் நம் கையால் வருவது. ஆழத்தைப் ப்ரோப்பால் (அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி) அளந்துவிட்டு மாதிரி எடுக்காதீர்கள், மாதிரிதான் முதலில். பஞ்சுருளை வைத்து, ஈறுக்கு மேலுள்ள படலத்தை வழித்து, மெல்லக் காற்றடித்து உலர்த்தியபின், 30-ஆம் எண் பாயிண்ட்டைத் தடை தட்டும்வரை இறக்கி 20 விநாடி வையுங்கள். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது காகிதம் திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடியில் ஊசித் துளையிட்ட 0.5 மி.லி. குழாயில் அதைப் போட்டு, 1.5 மி.லி. குழாய்க்குள் நிறுத்திச் சுழற்றினால் திரவம் மீண்டுவிடும்.

பதில் 3:
தண்ணீர் வெல்லுக்குப் பயப்பட வேண்டாம். டாக் நொதியை (பிசிஆரின் பாலிமரேஸ்) பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவில்தான் தயாரிக்கிறார்கள், அதன் டிஎன்ஏ துளி ஒட்டியிருக்கும். உங்கள் மாதிரி அதைவிட 5 சுழற்சியாவது முந்தி ஏறினால் பிழை சுமார் 3 சதவீதத்துக்குள் அடங்கும். ஆனால் பி. ஜிஞ்சிவாலிஸ் ப்ரைமரில் தண்ணீர் ஏறினால் அது பெரும்பாலும் உண்மையான மாசு, அந்த ஓட்டத்தையே தள்ளிவிடுங்கள். பயன்படுத்தாத பேப்பர் பாயிண்ட் ஒன்றையும் தொடக்கத்திலிருந்தே கூட ஓட்டுங்கள். அப்புறம், உங்கள் ப்ரைமர் 16எஸ் மரபணுவைக் குறிவைத்து, ஒப்பீட்டுக்கு பிளாஸ்மிட் ஸ்டாண்டர்ட் (அந்த மரபணு ஒரு படி செருகிய, எண்ணிக்கை தெரிந்த வளைய டிஎன்ஏ) என்றால் விடையை 4-ஆல் வகுங்கள்; இந்தக் கிருமியில் 16எஸ் மரபணு நான்கு படிகள்.

கேட்டவர்:
நன்றி. பழைய முடிவுகளை என்ன செய்வது? டிஎன்ஏ மிச்சம் கொஞ்சம்தான்.

பதில் 1:
நானோடிராப் அளவும் இறக்கிய கன அளவும் குறித்து வைத்திருந்தால் போதும். இரண்டையும் பெருக்கி, 10-ஆல் வகுத்து, வெல்லில் வந்த எண்ணிக்கையோடு பெருக்குங்கள். ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை என்று கிடைத்துவிடும். மிச்சமுள்ள டிஎன்ஏவை, ரத்தம் கலந்த மாதிரிகளை மட்டும் நீர்த்துப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.