பெட்டி ஓரத்துக்கு உலோகப் பட்டி: எங்கே கிடைத்தது, எங்கே சொதப்பியது?

ஆறுநூல்

24×16×14 அங்குல ஸ்பீக்கர் பெட்டி. 12 ஓரம், மொத்தம் 216 அங்குலம், அதாவது 18 அடி. 12 அடி அலுமினிய எல் ஆங்கிள் (எல் வடிவப் பட்டி) ரெண்டு போதும், 6 அடி மிச்சம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். அப்புறம் ஏன் கடைசித் துண்டு முக்கால் அங்குலம் குறைகிறது?

முதல் பட்டியில் 24 அங்குலம் நாலு, 16 அங்குலம் மூணு. கூட்டினால் சரியாக 144. காகிதத்தில் ஒரு நூல்கூட (அங்குலத்தில் எட்டில் ஒன்று) வீணில்லை, பார்க்கவே அழகு. ஆனால் பேப்ரிகேஷன் கடை மிஷின் பிளேடு வெட்டுக்கு 3 மி.மீ. தின்னும். 6 வெட்டுக்கு 18 மி.மீ. அந்த ஏழாவது துண்டை ஓரத்தில் வைத்ததும் பக்கத்தில் ரெக்சின் கறுப்பாக எட்டிப் பார்க்கிறதே, அந்த இடைவெளிதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிரிக்க வேண்டிய விதம் இது: முதல் பட்டியில் 24 நாலு, 14 ரெண்டு. அடுத்ததில் 16 நாலு, 14 ரெண்டு. ஒன்றில் 20 அங்குலம், இன்னொன்றில் 52 அங்குலம் மிஞ்சும். பட்டியின் முனை நசுங்கியிருந்தால் அரை அங்குலம் தள்ளி வெட்டிக்கொள்ளவும் இடம் இருக்கும்.

மூலைக்கு இரும்பு கார்னர் போடுவதாக இருந்தால் 45 டிகிரி வெட்டு தேவையே இல்லை. நேராக வெட்டி, கார்னரின் கால் பட்டிமேல் 10 மி.மீ. ஏறும்படி வைத்தால் வெட்டின அசிங்கம் மறைந்துவிடும்.

தங்கமுலாம்

அலுமினியத்தை விடுங்கள். பொன்னிறம் வேண்டும் என்பவர்கள் பட்டிக்காகச் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சுற்றுவது கால்வலிதான். கைப்பிடி, கிரில், கார்னர் அங்கே வாங்கலாம். பட்டிக்கு டைல்ஸ் கடைக்குப் போய் 'எஸ்.எஸ். டி பட்டி' (துருப்பிடிக்காத எஃகில் டி வடிவப் பட்டி) என்று கேளுங்கள். சுவர்ப் பலகைகளுக்கு நடுவில் பதிக்கிறார்களே, அதுதான். 8 அடி அல்லது 10 அடி நீளத்தில் வரும். முகப்பு அகலம் 8, 10, 12, 15, 20 மி.மீ. என்று கிடைக்கும். பி.வி.டி. பூச்சா (வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைப்பது), வெறும் பெயின்ட்டா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முனையில் சாவியால் கீறுங்கள். பெயின்ட் என்றால் சுருளாக உரியும்.

வெட்டும்போதுதான் வினை. கிரைண்டரை ஒரே அழுத்தில் ஓட்டினால் வெட்டு ஓரத்தில் 3, 4 மி.மீ. அகலத்துக்குத் தங்கம் போய் நீலமும் ஊதாவுமாக ஒரு வானவில் நிற்கும். அதைத் தேய்க்கப் போனால் உள்ளிருக்கும் வெள்ளை எஃகு தெரியும். 1 மி.மீ. வெட்டுத் தட்டு போடுங்கள், தொட்டுத் தொட்டு எடுங்கள், நடுவில் ஈரத்துணியால் ஆற்றுங்கள். முகப்பிலுள்ள காப்பு ஃபிலிமை வெட்டி முடிக்கும்வரை உரிக்காதீர்கள், தீப்பொறி அதன்மேல் விழட்டும். அதே ஃபிலிமோடு பட்டியை மாடி வெயிலில் வாரக்கணக்கில் போட்டுவைத்தாலும் வம்பு. பசை இறங்கிவிடும், அப்புறம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டியதுதான்.

அதிர்வு_மணி

தங்கமுலாம் சார், பட்டி சரி. எதை வைத்து ஒட்டுவது என்று சொல்லாமல் விட்டீர்களே? ரெக்சின்மேல் இருபக்க ஃபோம் டேப் ஒட்டின பெட்டி எல்லாம் ஒரு கோடைக்குமேல் தாங்காது. ரெக்சின் என்பது மெதுவாக்கிய பி.வி.சி. அதிலிருக்கும் மெதுவாக்கி கசிந்து வந்து டேப்பின் பசையைக் கூழாக்கும். பட்டியை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகரும், கீழே பிசுபிசுவென்று நூல் இழுக்கும்.

பட்டி உட்காரும் அகலத்தைவிட 1 மி.மீ. உள்ளே தள்ளி ரெக்சினைக் கத்தியால் கீறி உரித்துவிடுங்கள். வெறும் பிளைவுட்டில் சீலர் ஒரு கை அடித்து, காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் தடவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிறகு வி.எச்.பி. டேப் (மிக வலுவான இருபக்க டேப்). அழுத்திப் பிடித்த உடனே பாட்டுப் போடாதீர்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும்.

இன்னொன்று, பட்டி ஓரிடத்தில் மட்டும் ஒட்டாமல் தூக்கி நின்றால் சாதாரணமாகப் பாட்டு ஓடும்போது தெரியாது. தவில் அடி விழும் நேரத்தில் மட்டும் 'ஜ்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ஸ்பீக்கர் கோன் கிழிந்துவிட்டது என்று நினைத்து டிரைவரை (ஸ்பீக்கர் யூனிட்டை) கழற்றுபவர்கள்தான் அதிகம். சைன் டோனை (ஒரே அதிர்வெண் கொண்ட சோதனைச் சத்தம்) 30-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே பட்டியை விரலால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு சிலிக்கான் போதும்.

லேத்துப்பட்டறை

யாரும் வளைவைப் பற்றிப் பேசவில்லை. முன்முகம் உருண்டையாக உள்ள பெட்டிக்கு எல் ஆங்கிளை அப்படியே வளைத்தால் உள்பக்கக் கால் அலை அலையாக மடங்கும். வளைவுக்கு ஆங்கிள் வேண்டாம், 12 மி.மீ. அகலம் 1.5 மி.மீ. தடிமன் உள்ள தட்டைப் பட்டி எடுங்கள்.

அலுமினிய செக்ஷன் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6063 என்ற கலவை ரகம், கடினப்படுத்தியே வரும். குளிர்நிலையில் சின்ன வளைவு வளைத்தால் வெளிமுகத்தில் மயிரிழை விரிசல் விடும். அதனால் முதலில் இளக்க வேண்டும். துணி சோப்பை வளைவு வரும் இடத்தில் நன்றாகப் பூசி, பின்பக்கத்திலிருந்து கேஸ் டார்ச் காட்டுங்கள். சோப்பு பழுப்பாகிக் கறுப்பாக மாறும் கணத்தில் தீயை எடுத்துவிட வேண்டும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. இன்னும் கொஞ்சம் காட்டலாமே என்று நினைத்தால் பட்டி நடுவில் தொங்கித் தரையில் சொட்டும். ஆறினதும் அன்றே வளைத்துவிடுங்கள். அச்சுக்கு ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும், பெட்டியின் வளைவைவிடக் கொஞ்சம் சின்ன விட்டமாக எடுத்தால் பட்டி நிமிர்ந்து திரும்பும் அளவு சரியாகிவிடும்.

அனோடைஸ் செய்த (மின்சார முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய) பட்டியில் இந்த வேலை ஆகாது. மேல்பூச்சு கண்ணாடி மாதிரி, வளைத்த இடத்தில் சிலந்திவலையாக நொறுங்கும். பூச்சில்லாத பட்டியை வளைத்துவிட்டுப் பிறகு பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புங்கள். அடுப்புச் சூடு 180, 200 டிகிரி போகும் என்பதால் டேப்பு, ரப்பர் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது.

பித்தளைப் பட்டி வேண்டுமென்றால் 22 கேஜ் எடுங்கள், 0.7 மி.மீ. வரும். 26 கேஜ் விரல் பட்டாலே குழியும். பித்தளையும் அலுமினியமும் ஒரே பெட்டியில் தொட்டுக்கொண்டு இருந்தால் கடற்கரை ஊர்களில் அலுமினியப் பக்கம் வெள்ளைப் பொடி பூக்கும். நடுவில் வார்னிஷ் அடியுங்கள். பித்தளை மூலையைப் பற்றவைக்காதீர்கள், ஈயம் வைத்தால் போதும். ஈயம் வைக்கும்முன்…

ஆறுநூல்

அண்ணே, சதுரப் பெட்டிக்குத்தான் கேட்டேன். 🙂

லேத்துப்பட்டறை

இன்னைக்குச் சதுரம், நாளைக்கு வளைவு வரும் தம்பி.

எர்த்து முக்கியம்

ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பெட்டிக்குப் பட்டி போடுபவர்களுக்கு மட்டும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒரு முள்ளை மெயின் பிளக்கின் எர்த் பின்னிலும் மற்றதை அலங்காரப் பட்டியிலும் வையுங்கள். ஸ்க்ரூ சேஸிஸை (ஆம்பின் உலோகச் சட்டத்தை) தொடுகிறது, அதனால் எர்த் ஆகிவிட்டது என்று நம்பின பட்டியில் மீட்டர் வாயே திறக்காது. அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஒயர் ஒன்று உரிந்து பட்டியைத் தொடும்போது அந்தப் படலம் ஓரிடத்தில் கீறியிருந்தாலே போதும், கை வைப்பவர் கதி அதோகதி.

பட்டியின் உள்பக்கத்தில் ஸ்க்ரூ வரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். துண்டு துண்டாகப் போட்ட பட்டி என்றால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அல்லது சேஸிஸைத் தொடாமல் மரத்திலேயே முடிகிற குட்டை ஸ்க்ரூ போட்டு, உள்ளே மெயின் ஒயர் எதுவும் அந்தப் பக்கம் வராதபடி கட்டிவிடுங்கள்.

தங்கமுலாம்

இதனால்தான் சிலர் பேசாமல் பிளாஸ்டிக்குக்குப் போகிறார்கள். மார்ஷல் கம்பெனி கிட்டார் ஆம்ப் பெட்டிகளில் மின்னுகிற பொன்னிறக் கோடே உலோகம் இல்லை, பிளாஸ்டிக் பைப்பிங்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை கார் ஆக்சசரி கடைகளில் கிடைக்கும் குரோம் பீடிங்கும் அதே ஜாதி. மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், கத்திரியால் வெட்டலாம், வளைவுக்கும் சரி. மூலையில் மட்டும் கிளம்பும், அங்கே பின்பக்கம் சின்னதாக 'வி' வெட்டு போடுங்கள்.

அதிர்வு_மணி

அதைத் தூக்கி வேனில் ஏற்றி இறக்கினால் ரெண்டே கச்சேரி. வாடகைக்குப் போகும் பெட்டி என்றால் ஆங்கிளும் ரிவெட்டும்தான்.

ஊதுபத்தி

ரிவெட் என்றதும் ஒரு விஷயம். 4 நூல் (அரை அங்குல) பிளைவுட், 1.5 மி.மீ. ஆங்கிள், உள்ளே ஒரு வாஷர் என்றால் பிடிக்க வேண்டிய தடிமன் 15 மி.மீ. பக்கம் வரும். 3.2 மி.மீ. ரிவெட்டில் 20 மி.மீ. நீளம் எடுங்கள், துளை 3.3. வாஷர் இல்லாமல் இழுத்தால் ரிவெட்டின் வால் மரத்துக்குள்ளேயே புதைந்து, ஒரு மாதத்தில் ஆடும்.

ஆனால் சாதா பாப் ரிவெட் நடுவில் ஓட்டை. பெட்டிக்கு 40 ரிவெட் என்றால் 40 ஓட்டை. 40 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டுவிட்டு மின்விசிறியை நிறுத்தி, ஊதுபத்தியை ஆங்கிள் வழியாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறிக்கொண்டே வந்து, கசிகிற ரிவெட்டுக்கு நேராக மட்டும் நடுங்கும். அந்தத் தலைக்குச் சாக்பீஸ் குறி போட்டு, உள்பக்க வாலில் சிலிக்கான் வையுங்கள். மூடிய முனை ரிவெட் கிடைத்தால் இந்த வேலையே இல்லை.

ஆறுநூல்

52 அங்குலம் மிச்சத்தில் பெட்டியின் காலுக்கு நாலு பட்டி வெட்டலாமா? 12 அங்குலம் வீதம்?

ஊதுபத்தி

48 போச்சு, 4 வெட்டுக்கு 12 மி.மீ. போச்சு. தாராளமாக வரும். இந்தத் தடவை பிளேடையும் சேர்த்துக் கணக்குப் போட்டாச்சு.