பலூன் வைக்காத பிள்ளை

தலவாக்கலை, அப்பா:

மனைவிக்கு 22 வாரம். கண்டியில் ஸ்கேன் செய்தபோதுதான் சொன்னார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தில் இடது பக்கம் ஓட்டை. குடலும் இரைப்பையும் அது வழியாக மேலே ஏறி, இதயத்தை வலப்பக்கம் தள்ளியிருந்தன. நுரையீரல் வளர இடமில்லை. திரும்பி வரும்போது கினிகத்தேனை வளைவுகளில் அவள் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

மச்சான் எங்கோ தேடிப் பார்த்துவிட்டு, கருவிலேயே பலூன் வைக்கிற சிகிச்சை இருக்கிறது என்றார். அன்றிரவே மாமியார் தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையையும் பாயில் பரப்பிவிட்டார். அடுத்த கிளினிக்கில் டொக்டர் முன்னால் நகைக் கணக்கோடு போய் நின்றேன். (இப்போது நினைத்தால் கூச்சம்.)

அவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். கடுமையான பிள்ளைகளுக்கு 27 முதல் 29 வாரத்துக்குள் தாயின் வயிற்றில் சிறு துளையிட்டு, பிள்ளையின் வாய் வழியாக மூச்சுக்குழலில் பலூன் வைப்பார்கள். நுரையீரலில் சுரக்கிற நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, நுரையீரலை விரித்து வளர்க்கும். 34 வாரத்தில் பலூனை எடுத்துவிட வேண்டும். அதற்குள் வலி வந்து, எடுக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லையென்றால் பிள்ளையால் மூச்சுவிட முடியாது.

"உங்கள் பிள்ளைக்கு 32" என்றார். அந்த வாரத்தில் இருக்க வேண்டிய நுரையீரல் அளவில் 32 சதவீதம். 25க்குக் கீழே போனால்தான் கடுமை. 2021இல் வெளிவந்த ஆய்வில், கடுமையான நிலையில் பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் பிள்ளைகள் பிழைத்து வீடு போனார்கள், வைக்காதவர்களில் 15. எங்கள் மாதிரி நடுத்தர நிலையில் பலூன் வைத்தவர்களில் 63 சதவீதம், வைக்காதவர்களில் 50. அந்த வித்தியாசம் பலூனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். குறைமாதப் பிரசவம் மட்டும் கூடியிருக்கிறது. நகையை அடகு வைக்காதீர்கள், பிரசவத்துக்கு இங்கே வந்துவிடுங்கள், அது போதும் என்றார்.

பிறந்ததும் அழும் சத்தம் கேட்கவில்லை. உடனே மூச்சுவிட மூச்சுக்குழலில் குழாய் போட்டுவிட்டார்கள். நான்காம் நாள்தான் ஓட்டையைத் தைத்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று சண்டை பிடிக்கப் போனேன். முதலில் நுரையீரலின் இரத்த ஓட்டம் சீராக வேண்டும் என்று தாதி பொறுமையாக விளக்கினார்.

டிக்கோயா, மிட்வைஃப்:

அண்ணே, குழாய் போட்டதுதான் சரி. இந்தப் பிள்ளைகளுக்கு முகமூடியால் காற்றடித்தால் வயிறு உப்பி நெஞ்சை இன்னும் நெரிக்கும். முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஓர் அம்மா, ஒரு நாள் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம்) போய்விடும் என்று ஸ்கேனுக்கே போகவில்லை. பிள்ளை நீலமாகப் பிறந்தது. என்னவென்று தெரியாமல் நாங்களும் முகமூடிதான் வைத்தோம். அதிலிருந்து தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே போய் ஸ்கேன் திகதியை ஞாபகப்படுத்துவேன்.

ஹப்புத்தளை, அம்மா:

எங்களுக்கு 33 வாரத்தில்தான் தெரிந்தது. ஈரலும் மேலே ஏறியிருந்தது. இரண்டு மணி நேரம் இருந்தான். அண்ணே, உங்கள் பிள்ளை இப்போது எப்படி?

தலவாக்கலை, அப்பா:

தங்கச்சி, என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகளுக்கு இரண்டு வயது முடிந்தது. சாப்பாடு கொஞ்சம்தான் இறங்கும். பனிக்காலத்தில் சளி பிடித்தால் நேரே வார்டுதான். நேற்று பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) இன்னொரு பிள்ளையின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.