எண்ணெய் விஷயத்தில் இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்று: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வெள்ளக்கோவில் மருமகள்:
என் மகனுக்கு அப்போது நாற்பத்திரண்டு நாள். தண்ணீர் வார்க்க வந்த அம்மா எங்கள் வளவில் பாதிப் பேரைக் குளிப்பாட்டியவர். எண்ணெயும் எங்கள் களத்தில் காய்ந்த தேங்காய்ப்பருப்பை ஆட்டியதுதான். வார்த்து முடித்ததும் விரலைத் தோய்த்து மூக்கில் இரண்டிரண்டு சொட்டு விடுவார். பையன் அழவில்லை, இருமவும் இல்லை. அதனால் தினமும் நடந்தது. பத்தாம் நாள் மூச்சு வாங்கியது. ஈரோட்டில் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்தார். அப்புறம் குனிந்து பையன் தலையை முகர்ந்தார். "மூக்குல எண்ணெய் விடுறீங்களா கண்ணு?"

தண்ணீர் போனால் குழந்தை இருமித் தள்ளிவிடுமாம். எண்ணெய் சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், உடம்பால் அதைச் சீக்கிரம் கரைக்க முடியாது என்றார். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது அவனுக்கு ஆறு வயது, நன்றாக இருக்கிறான். ஆனால் துண்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தானே.

மொடக்குறிச்சி தோட்டத்துக்காரர்:
ஐப்பசி மழையில் நனைந்த கடலைக்காய். வெயில் வராமல் நாலு நாள் குவியலாகவே கிடந்தது. அப்புறம் காய வைத்து, உடைத்து, இரண்டு மூட்டைப் பருப்பைச் செக்குக்குக் கொண்டுபோனேன். செக்குக்காரர் ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு பருப்பை நகத்தால் இரண்டாகப் பிளந்து என் முன்னால் நீட்டினார். இரண்டு பாதிக்கும் நடுவே பச்சையாகப் பூசணம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"இதை ஆட்ட மாட்டனுங்க."

"சரி, எண்ணெய் வேண்டாம், புண்ணாக்காவது மாட்டுக்கு ஆகட்டும்" என்றேன்.

"மாட்டுக்கும் வேண்டாமுங்க. பாலுல வந்துருமுங்க."

அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். அது எண்ணெயைவிடப் புண்ணாக்கில்தான் அதிகம் தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலிலும் இறங்கும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருசமும் இதே மழை, இதே குவியல். அந்தப் புண்ணாக்கை மாடு தின்றது. பாலை என் பேத்தி குடித்தாள்.

பெருந்துறை மாமனார்:
ஊட்டியில் இருக்கும் மகளுக்கு ஐந்து லிட்டர் செக்குக் கடலெண்ணெய் கொண்டுபோனேன். தை மாசக் குளிர். காலையில் கேன் முழுக்கக் கலங்கி, கெட்டியாக நின்றது. மாப்பிள்ளை "பாமாயில் கலந்திருக்குங்க மாமா" என்றார். ஊர் திரும்பியதும் செக்குக்காரரைப் பத்துப் பேர் நடுவில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அப்போது இறங்கிக்கொண்டிருந்த எண்ணெயிலேயே ஒரு பாட்டில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்தார். "நாளைக்கு வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். அதேபோலக் கலங்கிக் கெட்டியாக இருந்தது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும். கடலெண்ணெய்க்கு அதைவிட நல்ல குளிர் வேண்டும். உறைவதை மட்டும் வைத்து அசல், கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குச் செக்கில் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அந்த இரண்டரைக் கிலோ பருப்பின் விலையைவிட ரொம்பக் குறைவாக ஒருவர் ஒரு லிட்டர் எண்ணெய் தருகிறார் என்றால் அங்கே கேள்வி கேளுங்கள். வாங்கியதும் இரண்டு நாள் தெளிய விட்டு, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலாக வடித்து, எவர்சில்வர் தூக்கில் வெளிச்சம் படாமல் வையுங்கள். சிக்கு வாடை வந்தால் சமையலுக்கு எடுக்காதீர்கள், விளக்குக்கு ஊற்றிக்கொள்ளலாம். பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். செக்கெண்ணெய்தானே என்று அளவில்லாமல் ஊற்றவும் வேண்டாம். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. கடலெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாளிக்க எதை எடுப்பது என்று இதை வைத்து யோசியுங்கள்.

கோபி செவிலியர்:
வெள்ளக்கோவில் தங்கச்சி, மூக்கில் விட்டது தப்பு. அதற்காக எண்ணெய் தேய்ப்பதையே பயமாக எழுதாதீர்கள். என் மகளுக்குக் கரப்பான். முழங்கை மடிப்பு வெடித்து நீர் வடியும். இரவெல்லாம் சொறிந்து படுக்கை விரிப்பில் ரத்தக்கறை இருக்கும். குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். அது தோலின் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். அதில் பாதியளவுக்கு இருக்கும் லாரிக் அமிலம் தோல் கிருமிகளையும் அடக்கும். ஒரு நாள் காலையில் விரிப்பு வெள்ளையாக இருந்தது. நான் அதை மடிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதே மகளுக்குப் பதினாலு வயதில் முகப்பரு வந்தது. எங்கள் அம்மா தினமும் இரவில் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் பூசினார். பரு இரண்டு மடங்கானது. வறண்ட தோலுக்கு மருந்தானது பரு வரும் முகத்தில் துவாரத்தை அடைக்கிறது. இன்னொன்றும் உண்டு. குழந்தைக்குத் தோல் வெடித்திருக்கும்போது கடலெண்ணெய் தடவாதீர்கள். அந்த வெடிப்பு வழியே உடம்பு கடலைக்கு ஒவ்வாமை பழகிவிடலாம். தின்று பழகுவது வேறு, புண்ணில் படுவது வேறு.

வெள்ளக்கோவில் மருமகள்:
அக்கா, தேய்ப்பதை நான் குறை சொல்லவில்லை. என் இரண்டாவது குழந்தைக்கும் அதே எண்ணெய்தான் தேய்த்தேன், மூக்குப் பக்கம் மட்டும் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்த அம்மாவிடம் காரணத்தை இன்று வரை சொல்லவில்லை. சளி என்று சொல்லிவிட்டோம். அவர் மனசு தாங்காது என்று நினைத்தேன். போன வாரம் எங்கள் நங்கையாளின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வார்க்க அவர்தான் வருகிறார். நாளைக் காலையில் அவர் வருவதற்கு முன்னால் நான் அங்கே இருப்பேன்.