நீலப்புகை, 250 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில்: இன்ஜினை இறக்கியே ஆகவேண்டுமா?

பரமத்திவண்டி:
வணக்கம் அண்ணன்மார்களே. 2007 மாடல் லாரி, ஆறு சிலிண்டர், டர்போ (புகை வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளுகிற கருவி), பழைய மெக்கானிக்கல் இன்லைன் டீசல் பம்ப். மீட்டரில் 6,20,000 கி.மீ. இருக்கிறது, நடுவில் மீட்டர் ஒரு வருஷம் ஓடவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாமக்கல் - ஹூப்ளி லைன். மூன்று மாதமாகப் புகை நீலமாக வருகிறது. தொப்பூர் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதித்தால் பின்னால் வருகிற வண்டியே தெரியாத அளவுக்கு ஒரு மூட்டம். 250 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். கீழே எங்கும் ஒழுகல் இல்லை. பட்டறையில் ஆயில் மூடியைத் திறந்து ஆவி தள்ளுவதைப் பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் போய்விட்டது, ஃபுல் வேலை, ஒன்றரை லட்சம் எடுத்து வை என்கிறார்கள். வண்டிக் கடன் ட்யூ இன்னும் முடியவில்லை. வேறு வழி இருக்கிறதா?

பழையமெக்கானிக்:
தம்பி, ஆறு லட்சம் ஓடின இன்ஜின். மூடியைத் திறந்தால் ஆவி தள்ளுகிறது என்று பட்டறையில் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். ரிங்கும் லைனரும் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் உறை) தேய்ந்துவிட்டன, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இறக்கம் இறங்கி மிதிக்கும்போது புகை வந்தால் வால்வு கைடும் (வால்வுத் தண்டைப் பிடிக்கிற குழாய்) சேர்த்துப் போயிருக்கும். 35 வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை வண்டி பார்த்திருக்கிறேன். இன்றைக்குச் செலவுக்குப் பயந்து ஓட்டினால், லோடோடு சித்ரதுர்கா பக்கம் எங்காவது நின்றுவிடும். அப்போது டோவிங், லோடு மாற்றும் கூலி, வாடகை நஷ்டம் எல்லாம் சேர்த்து இந்த ஒன்றரை லட்சம் சின்னதாகத் தெரியும். இறக்கிவிடுங்கள்.

டர்போகடை:
அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் மூடியில் ஆவி தள்ளுகிறது என்பதை மட்டும் வைத்து ரிங் என்று முடிவு செய்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கிரான்க்கேஸுக்குள் (இன்ஜினின் கீழ்க்கூடு) காற்று போக ரிங் ஒன்றுதான் வழியா? டர்போவின் எக்ஸாஸ்ட் பக்க சீல் போனால், அந்தப் புகைக் காற்று டர்போ ஆயில் ரிட்டர்ன் பைப் வழியாக சம்புக்குத்தான் (அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) இறங்கும். பிரேக்குக்குக் காற்று ஏற்றுகிற கம்ப்ரசரில் ரிங் தேய்ந்தாலும் அந்தக் காற்று இன்ஜினுக்குள்தான் வரும். ப்ரீதர் (உள்ளே சேருகிற காற்றை வெளியே விடுகிற வழி) அடைத்திருந்தால் நல்ல இன்ஜினிலும் மூடி துள்ளும்.

வால்வு கைடு விஷயமும் அப்படித்தான். இறக்கத்தில் விட்டுப் பிடித்தால் கைடு வழியாக ஆயில் உறிஞ்சும் என்பது பெட்ரோல் வண்டிக்குச் சொல்கிற கணக்கு. அதில் த்ராட்டில் (காற்று வழியை மூடுகிற தட்டு) மூடும், மேனிபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகிற குழாய்) வெற்றிடம் வரும். இந்த டீசல் இன்ஜினில் த்ராட்டிலே கிடையாது. கைடு தேயாது என்று சொல்லவில்லை, ஆனால் இறக்கத்தில் நடப்பது வேறு. டர்போவில் பூஸ்ட் (அது தள்ளுகிற காற்றின் அழுத்தம்) இறங்கிவிடும், ஏர் ஃபில்டரும் அடைத்திருந்தால் டர்போவின் காற்றுப் பக்கச் சக்கரத்துக்குப் பின்னால் உறிஞ்சல் வந்து சீல் வழியாக ஆயில் இழுக்கும். மிதித்ததும் அது மொத்தமும் எரியும். எனக்கு டர்போ மேல்தான் சந்தேகம்.

பழையமெக்கானிக்:
டர்போ விற்கிறவருக்கு எல்லாம் டர்போவாகத்தான் தெரியும். இவர் புது டர்போ வாங்கிப் போட்டு, புகை நிற்காவிட்டால் அந்தப் பணத்தை யார் தருவது? நான் அதையும் பார்த்திருக்கிறேன். டர்போ மாற்றி ஒரு மாதம் கழித்து அதே வண்டி என் பட்டறைக்கு வந்து ரிங் போட்டுப் போனது.

டர்போகடை:
நான் டர்போ வாங்கச் சொல்லவே இல்லை அண்ணா. கழற்றிப் பார்க்கத்தான் சொல்கிறேன், அதற்கு ஒரு நாள் போதும்.

பரமத்திவண்டி, இதைச் செய்யுங்கள். டர்போவுக்கு முன்னால் இருக்கிற எக்ஸாஸ்ட் மேனிபோல்டைக் கழற்றி ஆறு போர்ட்டையும் (ஒவ்வொரு சிலிண்டரின் புகை வெளியேறும் துளை) டார்ச் அடித்துப் பாருங்கள். போர்ட் எல்லாம் காய்ந்து சாம்பல் நிறமாக இருந்து, டர்போ தாண்டிச் சைலன்சர் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் ஆயில் டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் இறங்குகிறது. போர்ட்டிலேயே ஈரம் என்றால் ஆயில் சிலிண்டரில் எரிகிறது. அப்போதும் உடனே ரிங் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், காற்றுப் பக்கமாக டர்போ ஆயில் தள்ளினாலும் அது சிலிண்டருக்குத்தான் போகும், ஆனால் பெரும்பாலும் ஆறு போர்ட்டும் ஈரமாகும். அதனால் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற காற்று ஹோஸையும் கழற்றுங்கள். லேசாக எண்ணெய் பூசினது போல இருந்தால் பரவாயில்லை, குட்டையாகத் தேங்கி இருந்தால்தான் கவலை. ரிட்டர்ன் பைப்பும் ப்ரீதர் ஹோஸும் கையோடு கழற்றுங்கள். ரிட்டர்ன் பைப்பில் ஆயில் தானாக வழிந்துதான் இறங்க வேண்டும், அது கரி பிடித்துச் சுருங்கினாலோ சம்பில் காற்றழுத்தம் ஏறினாலோ நல்ல டர்போ கூட இரண்டு பக்கமும் ஆயில் தள்ளும்.

இன்னொன்று, ஏர் டேங்கின் அடி வால்வை காலையில் திறந்து பாருங்கள். தண்ணீரோடு கறுப்பு ஆயில் கொட்டினால் கொஞ்சம் ஆயில் அந்த வழியாகவும் போகிறது. அது புகையில் தெரியாது.

பம்ப்ரூம்:
நான் டீசல் பம்ப், நாசில் (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கிற பாகம்) வேலை செய்கிறவன். அது நீலப்புகைதான் என்று உறுதியாகத் தெரியுமா? காலையில் குளிர் இன்ஜினில் வெள்ளையாக வந்து கண் எரிந்தால் அது எரியாத டீசல். பலரும் அதை நீலம் என்கிறார்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து புகையில் இனிப்பு வாசம் அடித்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கும். கறுப்பு என்றால் காற்று பற்றவில்லை அல்லது டீசல் அதிகம். ஆயில் குறைகிறதே என்பதால் வண்டிக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனாலும் ஒழுகுகிற நாசிலை விட்டுவிடாதீர்கள். அது லைனரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிட்டு அந்த ஒரு சிலிண்டரை மட்டும் தேய்த்துவிடும்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. எதைத் தளர்த்தும்போது புகை குறைகிறதோ அந்தச் சிலிண்டர்தான் ஆள். இது பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்கு மட்டும். காமன் ரெயில் (மிக அதிக அழுத்தத்தில் டீசல் தள்ளுகிற புது முறை) வண்டியில் கையே வைக்கக் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இதிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டின் மேல் துணி போட்டுத் தளர்த்துங்கள், கையை நேரே காட்டாதீர்கள்.

பழையமெக்கானிக்:
இதெல்லாம் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. டர்போ காற்றுப் பக்கம் ஆயில் தள்ளுகிற வண்டியை இப்படியே ஓட்டுவது ஆபத்து. ஆயில் அதிகமாகப் போனால் இன்ஜின் அந்த ஆயிலிலேயே ஓட ஆரம்பிக்கும், டீசலை நிறுத்தினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போய் வெடிக்கும். அப்படி ஆனால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டே கிளட்சிலிருந்து காலை எடுத்து இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும், நின்ற இடத்தில் என்றால் காற்று வாயைப் பலகை வைத்து மூட வேண்டும். கையையோ துணியையோ வைக்காதீர்கள், இழுத்துக்கொள்ளும். ஆகவே பார்க்கிறவரை வண்டியை லைனுக்கு அனுப்பாதீர்கள்.

டர்போகடை:
இதில் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

பரமத்திவண்டி:
நேற்று முழுக்க இந்த வேலைதான். ப்ரீதர் ஹோஸ் உள்ளே பிசின் மாதிரி அடைத்து, ஒரு விரல் நுழையவில்லை. டர்போ ரிட்டர்ன் பைப் பாதிக்கு மேல் கரி. காற்று ஹோஸில் ஒரு டீ டம்ளர் அளவு ஆயில். டர்போ ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட் ஒன்று முதல் ஐந்து வரை லேசான ஈரம்தான், ஆறாவது மட்டும் நன்றாகக் கறுத்து வழிகிறது. நட்டு தளர்த்திப் பார்த்ததிலும் ஆறில்தான் புகை குறைந்தது. ஏர் ஃபில்டர் மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அது என் தப்பு. ஏர் டேங்கில் தண்ணீர் மட்டும்தான்.

பழையமெக்கானிக்:
ஆறாவது ஈரம் என்றால் நான் சொன்னது வந்துவிட்டதே. ஆறாவது ரிங் உடைந்திருக்கும். சரி, ஹெட்டும் சம்பும் இறக்கிவிட்டால் ஆறையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றுவது பாதி வேலை. கூலி கிட்டத்தட்ட ஒன்றேதான்.

டர்போகடை:
ஆறையும் மாற்றுவதா என்பதை ஹெட் கழற்றின பிறகு லைனரை அளந்து பார்த்துப் பேசலாம். முதலில் பைப்பையும் ப்ரீதரையும் சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றி, இன்டர்கூலரில் (டர்போ காற்றைக் குளிர்விக்கிற ரேடியேட்டர்) தேங்கின ஆயிலை மறக்காமல் வடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இன்டர்கூலரில் இருப்பது தீரும்வரை புகை கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். ஆறாவது நாசிலைக் கழற்றி பம்ப் கடையில் டெஸ்ட் செய்யுங்கள்.

பம்ப்ரூம்:
ஆறும் கொண்டுவாருங்கள், ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் மற்றவையோடு பொருந்தாது.

பரமத்திவண்டி:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆறாவது நாசில் நிற்காமல் சொட்டியது, ஆறுக்கும் டிப் (நாசில் முனை) மாற்றிப் போட்டேன். எல்லாம் சுத்தம் செய்து ஹூப்ளி போய் வந்தேன், போக வர சுமார் 1300 கி.மீ. முன்னே என்றால் ஐந்து லிட்டருக்கு மேல் ஊற்றியிருப்பேன். இந்த முறை இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தொப்பூர் இறக்கத்தில் மூட்டம் இல்லை, மிதிக்கும்போது லேசான நீலம் இன்னும் இருக்கிறது.

பழையமெக்கானிக்:
லிட்டருக்கு நாலு கி.மீ. என்று வைத்தால் 325 லிட்டர் டீசலுக்கு இரண்டு லிட்டர் ஆயில், அதாவது 0.6 சதவீதம். முன்பு 1.6. இந்த வயசு இன்ஜினுக்கும் 0.6 கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நடுவழியில் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். ப்ரீதரை நான் முதலிலேயே பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆறாவது ரிங் விஷயத்தில் மட்டும் என் பேச்சில் மாற்றம் இல்லை.

பரமத்திவண்டி:
ஆடியில் லோடு குறையும் அண்ணா, அப்போது ஹெட்டை இறக்குகிறேன். அதுவரை தினமும் காலையில் மேடு இல்லாத இடத்தில் நிறுத்தி ஸ்டிக் பார்த்து, ஊற்றுகிறதைக் கி.மீ. போட்டு நோட்டில் எழுதச் சொல்லி டிரைவரிடம் சொல்லியாகிவிட்டது.

பழையமெக்கானிக்:
500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்று மறுபடி வந்தால் ஆடிக்குக் காத்திருக்காதே தம்பி.